வெங்கட் வின்சென்ட் ஆன கதை: ‘தி மார்ஷியன்’ நாவலும் படமும்

‘தி மார்ஷியன்’ படத்தை நீங்கள் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். செவ்வாயில் தனியாக விடப்பட்ட ஒருவன் உருளைக்கிழங்கு நட்டு உயிர் பிழைக்கிற கதை. 2015 ஒக்டோபரில் வெளிவந்தது. ரிட்லி ஸ்கொட் இயக்கம், மாட் டேமன் நடிப்பு. ஏழு ஒஸ்கார் பரிந்துரைகள் கிடைத்து ஒன்றுகூட வெல்லவில்லை. ஆனால் கோல்டன் குளோப்பில் “நகைச்சுவை அல்லது இசைப் படம்” என்ற பிரிவில் சிறந்த படமாக வென்றது. பசியில் சாகக் கிடந்தவனுடைய கதை நகைச்சுவையா என்று அப்போதே எல்லோரும் பகிடி பண்ணினார்கள்.

அந்த நாவலை வாசித்தவர்கள் எங்களிடையே குறைவு. தமிழ்ப்பள்ளியில் படிக்கிற ஒரு தம்பியிடம் புத்தகத்தைக் கொடுத்தபோது, “படம் பார்த்திட்டன் அண்ணா, பிறகேன் புத்தகம்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு நின்ற இடத்தில் சொன்ன பதில் இரண்டு வசனம். நீளமான பதில் இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் நல்ல படம். ஆனால் நாவலில் இருந்த மூன்று சாமான்களை அது வழியில் இறக்கி வைத்துவிட்டது: கணக்கு, தனிமை, ஒரு பெயர். பார்ப்பவர் ஒரு கணம் தடக்குப்படுகிற இடங்கள் அவை மூன்றும். அதனால்தான் இறக்கினார்கள். வெளிநாட்டில் வளர்ந்த எங்களுக்கு அந்த மூன்றும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேவை என்று நான் நினைக்கிறேன். முடிவையும் சொல்லப்போகிறேன். கதை தெரியாதவர்கள் இதிலேயே நிறுத்திவிட்டுப் போய் வாசித்துவிட்டு வரலாம்.

ஒரு புரோகிராமர் எழுதிய புத்தகம்

நாவலை எழுதிய அண்டி வியர் தொழிலால் கணினி நிரலாளர். என்னுடைய தொழிலின் ஆள். பதிப்பாளர் யாரும் கேட்காமலேயே, தன்னுடைய இணையத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். வாசகர்களில் வேதியியல் தெரிந்தவர்கள், பொறியியல் தெரிந்தவர்கள் இருந்தார்கள். “இந்த இடத்தில் உன் கணக்குப் பிழை” என்று எழுதினார்கள். அவர் திருத்தினார். பிறகு, மின்னூல் வாசிப்பானில் போட வசதியாக வேண்டும் என்று வாசகர்கள் கேட்டதால் 2011-ல் கிண்டிலில் 99 சதத்துக்குப் போட்டார். 2014-ல் பெரிய பதிப்பகம் ஒன்று அச்சிட்டது. அடுத்த வருடம் படம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த முறை நன்றாகத் தெரியும். முதல் பதிப்பை வெளியே விடு, பாவிக்கிறவர்கள் பிழை சொல்லட்டும், திருத்து, திருப்பி விடு. நாவலின் கதாநாயகன் மார்க் வாட்னியும் அப்படித்தான் பிழைக்கிறான். ஒன்றைச் செய்து பார்க்கிறான், அது வெடிக்கிறது, ஏன் வெடித்தது என்று எழுதுகிறான், அடுத்த நாள் வேறு மாதிரிச் செய்கிறான். நாவல் பெரும்பாலும் அவனுடைய நாட்குறிப்பு. செவ்வாயின் ஒரு நாளுக்கு ‘சோல்’ என்று பெயர். அது 24 மணித்தியாலம் 39 நிமிடம் சொச்சம். ஆறாவது சோலில் புழுதிப்புயல் வருகிறது. அவன் செத்துவிட்டான் என்று நினைத்து மற்ற ஐந்து பேரும் கிளம்பிவிடுகிறார்கள். 549ஆவது சோலில்தான் அவன் செவ்வாயை விட்டு மேலே எழும்புகிறான்.

ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் புயலே அறிவியல்படி சரியில்லை. செவ்வாயின் காற்று பூமியின் காற்றோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு அடர்த்திதான். எவ்வளவு வேகமாக வீசினாலும் ஒரு ரொக்கெற்றைச் சாய்க்காது. வியருக்கும் இது தெரியும், கதையைத் தொடங்கி வைக்க வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். நாவலிலும் படத்திலும் இந்தப் பிழை அப்படியே இருக்கிறது. மற்ற இடங்களில் நாவல் கணக்கில் கறாராக இருக்கிறது.

வழி எழுதாத விடை

உருளைக்கிழங்கு விசயத்தையே எடுப்போம். நோர்வேயில் வளர்ந்தவர்களுக்கு இது இரட்டைப் பகிடி. இங்கே ஒருவரை “பூத்தேத்”, அதாவது உருளைக்கிழங்கு என்று சொன்னால், எந்த வேலைக்கும் போடக்கூடிய ஆள் என்று ஒரு அர்த்தம். எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் அதற்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். வாட்னிக்கு இரண்டும் பொருந்தும்.

ஒரு கிலோ உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 770 கலோரி. வாட்னி ஒரு நாளைக்கு 1500 கலோரியில் சமாளிக்கப் பார்க்கிறான். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 2 கிலோ. அடுத்த குழு வர நான்கு வருடம், சுமார் 1400 நாள். கையில் இருக்கிற பொதிசெய்த சாப்பாட்டைக் கட்டுப்படுத்திச் சாப்பிட்டால் 400 நாள் வரும். மீதி 1000 நாள். அதற்கு 2 தொன் கிழங்கு வேண்டும். அவ்வளவு விளைய எவ்வளவு மண்? ஒரு கன மீற்றர் மண்ணுக்கு 40 லீற்றர் தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கே? ரொக்கெற் எரிபொருளான ஹைட்ரசினில் ஹைட்ரஜன் இருக்கிறது. அதைப் பிரித்து ஒக்சிஜனோடு எரித்தால் தண்ணீர். ஒரு கேள்விக்கு விடை கண்டால் அந்த விடையே அடுத்த கேள்வியாகிறது. நாவலின் விறுவிறுப்பு முழுக்க இதில்தான்.

படத்திலும் இது வருகிறது. எத்தனை நாள் உணவு இருக்கிறது என்று அவன் கமெராவுக்குச் சொல்கிறான். ஹைட்ரசினை எரிக்கிறான், ஒரு தடவை வெடித்துத் தூக்கி எறியப்படுகிறான், நாங்கள் சிரிக்கிறோம், அடுத்த காட்சியில் பச்சை இலை முளைக்கிறது. நாவலில் அது அவ்வளவு லேசாக முடிவதில்லை. முதலில், எல்லா ஹைட்ரஜனும் எரியவில்லை என்பதையும், தான் தூங்குகிற வீட்டின் காற்றிலேயே அது சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் கண்டுபிடிக்கிறான். ஒரு குண்டுக்குள் வாழ்கிறான். அதைப் பாதுகாப்பாக எரித்துத் தீர்க்க ஒரு திட்டம் போடுகிறான். வீட்டுக் காற்றிலிருந்து ஒக்சிஜனை அகற்றிவிட்டு, தான் மட்டும் முகமூடியால் ஒக்சிஜன் சுவாசித்துக்கொண்டு வேலை செய்கிறான். அப்போதும் வெடிக்கிறது. தன்னுடைய மூச்சோடு வெளியே வருகிற ஒக்சிஜனைக் கணக்கில் சேர்க்கவில்லை. படத்தில் அந்தக் கடைசிக் காரணம் மட்டும் ஒரு வசனமாக மிஞ்சியிருக்கிறது.

இன்னொன்று. வீட்டின் கதவுப் பகுதி பிய்த்துக்கொண்டு போகிறதே, அதில் அவனுடைய தலைக்கவசக் கண்ணாடி வெடிக்கும். படத்தில் ஒட்டும் நாடாவைச் சுற்றி ஒட்டிச் சமாளிக்கிறான், சில விநாடிகள். நாவலில் கண்ணாடியில் பெரிய ஓட்டை. அதை அடைக்க, விண்வெளி உடையின் ஒரு கையையே வெட்டி எடுத்து ஒட்டுகிறான். அதற்குப் பிறகு அந்த உடையோடு, ஒரு கையை உள்ளே மடக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

கணித வாத்தியார்மார் என்ன சொல்வார்கள்? வழி எழுதாவிட்டால் புள்ளி இல்லை. படம் விடையை எழுதுகிறது. நாவல் வழியை எழுதுகிறது.

“படத்தில் அவ்வளவு கணக்குப் போட முடியுமா, ஆட்கள் நித்திரை கொண்டுவிடுவார்களே” என்று நீங்கள் கேட்கலாம். முடியும். 1995-ல் வந்த ‘அப்பொல்லோ 13’ படத்தைப் பாருங்கள். சதுரமான காற்று வடிகட்டியை வட்டமான துளையில் எப்படிப் பொருத்துவது என்று தரையில் இருக்கிற பொறியியலாளர்கள் ஒரு மேசையில் சாமான்களைக் கொட்டிவிட்டு யோசிக்கிற காட்சி. அதில் வெடிப்பும் இல்லை, துரத்தலும் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பற்றிக் கதைக்கிறவர்கள் அந்தக் காட்சியைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

படம் நன்றாகச் செய்தவை

படத்துக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவேண்டும். நாவலின் வாட்னி வாய் ஓயாமல் பகிடி விடுகிறான், அவனுடைய உடம்பு எங்களுக்குத் தெரிவதில்லை. படத்தில் எலும்பும் தோலும் புண்ணுமாக அவன் நடந்து வருகிற ஒரு காட்சியில், ஒன்றரை வருடப் பட்டினி என்றால் என்ன என்று விளங்குகிறது. ஜோர்தானின் வாடி ரம் பாலைவனத்தில் எடுத்த காட்சிகளில் ஒரு சின்ன ஊர்தி ஒரு பெரிய சிவப்பு வெளியில் ஊர்ந்து போகிறது. அந்த அளவு வித்தியாசத்தை எழுத்தில் இப்படிக் காட்டுவது கடினம். தன்னுடைய குழுவின் குரலை மாதக்கணக்குக்குப் பிறகு கேட்டு மாட் டேமன் உடைந்து அழுகிற இடம் நாவலில் இல்லாத பலம்.

இன்னொரு சந்தோசம் ஒஸ்லோக்காரருக்கு மட்டும். குழுவில் இருக்கிற ஜெர்மன்காரர் வோகலாக நடித்தவர் எங்கள் அக்செல் ஹென்னி. லம்பெர்த்சேத்தரில் வளர்ந்தவர், ‘மக்ஸ் மானுஸ்’ படத்தின் கதாநாயகன். ஹொலிவூட்டுக்கு ஜெர்மன்காரரும் நோர்வேக்காரரும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஆனால் கவனியுங்கள், நடிகரின் நாடு மாறினாலும் அந்தப் பாத்திரத்தின் பெயர் மாறவில்லை. வோகல் வோகலாகவே இருந்தார். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்பி வருவேன்.

பதில் வராத கடிதங்கள்

எனக்குப் படத்தோடு இருக்கிற பெரிய மனக்குறை இரண்டாவது பாதியில்.

வாட்னி, 1997-ல் செவ்வாயில் இறங்கி அதே வருடம் பேச்சு நின்றுபோன ‘பாத்ஃபைண்டர்’ என்ற உண்மையான கலத்தைத் தேடி எடுத்து, அதன் மூலம் பூமியோடு தொடர்பு கொள்கிறான். இரண்டிலும் இது வருகிறது. படத்தில் அதற்குப் பிறகு அந்தத் தொடர்பு அறுவதில்லை. நாவலில் அறுகிறது. துளைபோடுகிற கருவியை வைத்து வேலை செய்யும்போது ஒரு மின்கசிவு பாத்ஃபைண்டரைக் கொன்றுவிடுகிறது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவனுக்குப் பூமியிலிருந்து ஒரு சொல்லும் வராது. அவன் மட்டும் கற்களை அடுக்கி மோர்ஸ் குறியீட்டில் எழுதுகிறான். செய்மதிகள் மேலேயிருந்து படம் பிடிக்கும் என்று தெரியும். பார்த்தார்களா என்று தெரியாது.

அப்படியே 3200 கிலோமீற்றர் ஓடுகிறான். வழியில் ஒரு பெரிய புழுதிப்புயல். பூமியில் எல்லோருக்கும் அது தெரியும், அவனுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. சூரிய ஒளி மெல்லக் குறைவதை அவனே கவனித்து, சூரியத் தகடுகளைத் தூரம் தூரமாக வைத்து, எந்தத் தகட்டில் மின்சாரம் எவ்வளவு குறைகிறது என்று ஒப்பிட்டு, புயல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டுபிடித்து ஒதுங்குகிறான். முழு நாவலிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கடைசியில் இறக்கத்தில் ஊர்தி குடைசாய்கிறது. படத்தில் இவை ஒன்றும் இல்லை. பாட்டுப் போகிறது, ஊர்தி போகிறது, வந்து சேர்ந்துவிடுகிறான்.

இது ஏன் எனக்கு உறுத்துகிறது என்றால், எங்கள் வீட்டுக் கதைகளையும் நாங்கள் இப்படித்தான் சொல்கிறோம்.

கலியாண வீட்டில், அறுபதாவது பிறந்தநாளில் போடுகிற படத்தொகுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். “அப்பா எண்பதுகளில் நோர்வே வந்தார், கஷ்டப்பட்டார், வீடு வாங்கினார், பிள்ளைகளைப் படிப்பித்தார்.” பின்னணியில் பாட்டு. மூன்று நிமிடம். இறக்கத்தில் குடைசாய்ந்த ஊர்தி அதில் இல்லை.

எண்பதுகளின் நடுவிலிருந்து வந்த எங்கள் ஆட்களில் நிறையப் பேர் முதலில் வடக்கே, பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். குளிர்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊர்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். அவரிடம் இன்றும் ஒரு கொப்பி இருக்கிறது. கட்டம் போட்ட சாதாரண பள்ளிக் கொப்பி. இடப்பக்கம் சம்பளம், வலப்பக்கம் வாடகை, சாப்பாடு, பனிச் சப்பாத்து, ஊருக்கு அனுப்பியது, வாங்கிய கடனில் கட்டியது. மாதக் கடைசியில் மிச்சம். சில மாதங்களில் மிச்சம் இரண்டு இலக்கம்கூட இல்லை. சில வரிகள் வெட்டப்பட்டுத் திருப்பி எழுதப்பட்டிருக்கின்றன, சப்பாத்து அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. வாட்னியின் நாட்குறிப்பை முதல் தடவை வாசித்தபோது எனக்கு இந்தக் கொப்பிதான் ஞாபகம் வந்தது.

தொடர்பு அறுந்ததும் அப்படியே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. கடிதம் கொழும்பு சுற்றிப் போய்ச் சேர மாதங்கள் ஆகலாம், சேராமலும் போகலாம். அப்பா அப்பம்மாவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கடிதத்துக்கு நம்பர் போட்டு எழுதினார், எது சேர்ந்தது எது சேரவில்லை என்று பிறகு தெரியட்டும் என்று. கற்களை அடுக்கி எழுதுகிறவன் எனக்கு அந்நியனாகத் தெரியவில்லை.

படத்தில் தனிமை ஒரு மனநிலை, மாட் டேமனின் முகத்தில் தெரிகிறது. நாவலில் தனிமை ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையும்கூட. பதில் வராத இடத்தில் எப்படிச் சரியான முடிவு எடுப்பது? எங்கள் அப்பா அம்மாமார் இருபத்தைந்து வயதில் தீர்த்த பிரச்சினை அது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் “கஷ்டப்பட்டார்கள்” என்ற ஒரு சொல்லில் நாங்கள் கடந்துவிடுகிறோம்.

வெங்கட்டும் வின்சென்டும்

இப்போது பெயருக்கு வருவோம்.

நாவலில் நாசாவின் செவ்வாய்ப் பணிகளை நடத்துகிறவர் பெயர் டொக்டர் வெங்கட் கபூர். வாட்னி உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் அவனைக் காப்பாற்றத் தூங்காமல் ஓடித் திரிகிற ஆள். கடவுள் நம்பிக்கை உண்டா என்று சக அதிகாரி கேட்கிறபோது, தான் இந்து, தனக்குக் கடவுள்கள் நிறையப் பேர் என்ற மாதிரி ஒரு பகிடி விடுவார்.

படத்தில் அதே ஆளின் பெயர் வின்சென்ட் கபூர். நடித்தவர் சிவெட்டெல் எஜியோஃபோர். கடவுள் பகிடி மாற்றப்பட்டிருக்கிறது: அப்பா இந்து, அம்மா பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்.

முதலில் அந்தப் பாத்திரத்துக்கு இர்ஃபான் கானைப் பேசியிருந்ததாகவும், அவருக்கு இந்தியாவில் வேறு படம் இருந்ததால் சரிவரவில்லை என்றும் ரிட்லி ஸ்கொட் பேட்டியில் சொல்லியிருக்கிறார். சரி, நடிகர் மாறினார். எஜியோஃபோர் அருமையான நடிகர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெயர் ஏன் மாறவேண்டும்? அப்பா இந்து, குடும்பப்பெயர் கபூர் என்று படமே சொல்கிறது. அப்படி ஒரு அப்பா தன் பிள்ளைக்கு வெங்கட் என்று பெயர் வைத்தால் யாருக்கு விளங்காமல் போகும்? கபூர் என்ற பெயர் ஹிந்திப் படங்களால் உலகத்துக்கு ஓரளவு பழக்கம், அதனால் தப்பியது. வெங்கட் பழக்கமில்லை, அதனால் போனது.

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற ஒரு விசயம் இருக்கிறது. எஜியோஃபோர் லண்டனில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். எங்களைப் போல இரண்டாம் தலைமுறை. சிவெட்டெல் எஜியோஃபோர் என்ற பெயரை ஒஸ்கார் பரிந்துரை வரை கொண்டுபோனவர். அந்தப் பெயரைத் திரையில் முழுசாகப் போட முடிந்தவர்களுக்கு வெங்கட் என்ற இரண்டு அசை பாரமாகிவிட்டது.

நாவலையும் நான் முழுசாக விடமாட்டேன். வெங்கட் தெற்குப் பெயர், கபூர் பஞ்சாபிப் பெயர். ‘ஓலா கொன்சாலஸ்’ என்ற மாதிரி. இருக்க முடியாத பெயர் இல்லை, அம்மா ஆந்திராவாகவோ தமிழாகவோ இருக்கலாம். ஆனால் வியர் அப்படி யோசித்து வைத்ததாக நாவலில் ஒரு அடையாளமும் இல்லை. எப்படியிருந்தாலும் அந்தப் பெயர் நானூறு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற புத்தகத்தில் ஒருவருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. செய்மதிப் படங்களில் வாட்னியைக் கண்டுபிடிக்கிற மிண்டி பார்க்கின் விசயமும் இருக்கிறது. பார்க் என்பது கொரியர்களிடம் பரவலான குடும்பப்பெயர். படத்தில் அந்தப் பாத்திரம் ஒரு வெள்ளை நடிகைக்குப் போனது. நாவல் மிண்டியின் தோற்றத்தை எழுதவில்லை என்பதும் உண்மை. அமெரிக்காவில் ஆசியர்களுக்கான ஊடக அமைப்பு ஒன்று படம் வந்த மாதமே இவற்றைக் கண்டித்தது.

இப்போது என் தொழிலிலிருந்து ஒரு கணக்கு. வாட்னி பாத்ஃபைண்டரோடு பேசும்போது, கமெரா சுற்றிச் சுட்டிக்காட்ட எழுத்து அட்டைகளை வட்டமாக வைக்க யோசிக்கிறான். 26 எழுத்து, கேள்விக்குறி ஒன்று, மொத்தம் 27 அட்டை. ஒன்றுக்கு 13 பாகைதான் வரும், மிக நெருக்கம். அதனால் பதினாறடிமான எண்களைப் பாவிக்கிறான். 16 அட்டை, ஒரு கேள்விக்குறி. ஒன்றுக்கு 21 பாகை. தமிழின் 247 எழுத்துக்கும் அட்டை வைத்தால் ஒன்றுக்கு ஒன்றரைப் பாகைகூட வராது, அவன் தொலைந்தான். ஆனால் அந்தப் பதினாறு அட்டையே போதும். யூனிகோடில் ‘அ’ என்ற எழுத்தின் எண் 2949. ‘வெங்கட்’ என்று தமிழில் எழுத ஏழு எண்கள். பழைய கமெரா ஒன்று ஏழு எண்களைச் செவ்வாயில் சுட்டிக்காட்டிவிடும். இயந்திரத்துக்கு எந்தப் பெயரும் கஷ்டம் இல்லை. கஷ்டம் என்று முடிவெடுக்கிறவர்கள் மனிதர்கள், அதுவும் பெரும்பாலும் யாராவது கேட்பதற்கு முன்பே.

இது ஹொலிவூட் பிரச்சினை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2012-ல் ஒஸ்லோவின் சமூக ஆய்வு நிறுவனம் வேலைவாய்ப்புப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டது. 1800 வேலை விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பாதியில் நோர்வேப் பெயர், பாதியில் பாகிஸ்தான் பெயர். பாகிஸ்தான் பெயருக்கு நேர்முகத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு சுமார் 25 வீதம் குறைந்தது. நடிகர் மாறவில்லை, வசனம் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. வெங்கட்டுக்கும் வின்சென்டுக்கும் இடையில் இருக்கிற தூரத்தை இந்த நாட்டில் ஒரு தடவை அளந்திருக்கிறார்கள்.

ஆகவே விண்ணப்பத்தில் பெயரைச் சுருக்குகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த 25 வீதம் உங்களுடைய வாடகை, உங்களுடைய முதல் வேலை. ஆனால் அதைச் செய்வதற்கு முன் என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து செய்யுங்கள். நான் ஆலோசகர் வேலை செய்கிறேன், சில மாதத்துக்கு ஒரு தடவை புதிய இடம், புதிய ஆட்கள். என் பெயர் நாலு அசை. முதல் நாள் மெதுவாக ஒரு தடவை சொல்லுவேன். தேவையென்றால் பலகையில் எழுதுவேன். மூன்றாவது நாள் பெரும்பாலானவர்கள் சரியாகச் சொல்கிறார்கள். எங்கள் அப்பா அம்மாமார் ஷெர்ஸ்தி, ஷெத்தில், ஓய்ஸ்டெய்ன் என்ற பெயர்களை மீன் தொழிற்சாலைச் சத்தத்துக்குள் நின்று படித்தவர்கள். வோகலுக்குக் கிடைத்த மரியாதை வெங்கட்டுக்கும் கிடைக்கலாம், மூன்று நாள் பொறுத்தால்.

முடிவில் யார் பிடிக்கிறார்கள்?

கடைசிக் காட்சியில் படமும் நாவலும் பிரிகின்றன. படத்தில் தளபதி லூயிஸ் தானே வெளியே வருகிறார். வாட்னி கையுறையில் ஓட்டை போட்டு, வெளியேறும் காற்றின் உதைப்பில் பறந்து வந்து அவரைப் பிடிக்கிறான். நாவலிலும் வாட்னி இந்த யோசனையைச் சொல்கிறான், லூயிஸ் மறுத்துவிடுகிறார். ஆனால் அந்தப் பைத்தியக்கார யோசனையிலிருந்து நல்ல யோசனை ஒன்று பிறக்கிறது: கப்பலின் காற்றையே வெளியேற்றி வேகத்தைக் குறைப்பது. வெளியே வந்து அவனைப் பிடிப்பவர் பெக், அந்த வேலைக்கென்றே பயிற்சி எடுத்தவர். லூயிஸ் தளபதியின் இடத்தில் இருந்து முடிவெடுக்கிறார். எனக்கு இதுதான் பிடிக்கும். அவரவர் தங்கள் வேலையைச் சரியாகச் செய்ததால் ஒருவன் உயிர் பிழைக்கிறான். அதற்குப் பிறகு நாவல் கப்பலிலேயே முடிந்துவிடுகிறது, ஒரு மனிதனுக்காக எத்தனை பேர் எவ்வளவு செலவழித்தார்கள் என்று அவன் யோசிப்பதோடு. படம் அவனைப் பூமிக்குக் கொண்டுவந்து, வகுப்பில் நிறுத்திப் பாடம் சொல்லவைக்கிறது.

தம்பிக்கு நான் சொன்ன இரண்டு வசனப் பதில் இதுதான்: படம் அவன் தப்பினான் என்று சொல்லும். எப்படித் தப்பினான் என்று புத்தகத்தில்தான் இருக்கு.

நீங்கள் வாசிக்க நினைத்தால் முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும் என்றில்லை. முதல் நாற்பது சோலை வாசியுங்கள், கையில் ஒரு பேனையும் தாளும் வைத்துக்கொண்டு. அவனுடைய கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். பிறகு, வீட்டில் அப்பாவோ அம்மாவோ மாமாவோ ஓய்வாக இருக்கிற நேரம் பார்த்து, “இங்க வந்து முதல் மாசம் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, மிச்சம் எவ்வளவு?” என்று கேளுங்கள். “கஷ்டப்பட்டீங்களா?” என்று கேட்டால் “ஓம்” என்ற ஒரு சொல்தான் வரும். இலக்கம் கேட்டால் அவர்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். குறைந்தது ஒரு மணித்தியாலம் ஒதுக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள், ஒரு கொப்பியும் எடுத்துக்கொண்டு போங்கள்.